கோஃபுகு: ரயில் போய்விட்டது, நிலையம் போகவில்லை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோ. அதன் கிழக்குப் பகுதியில் தொகாச்சி சமவெளி. அங்கே ஒபிஹிரோ நகருக்குத் தெற்கே 22 கி.மீ. தூரத்தில், விளைநிலங்களுக்கு நடுவில் கோஃபுகு என்ற சின்ன மர நிலையம் நிற்கிறது. ஒரே பிளாட்பாரம், ஒரே தண்டவாளம். கடைசி ரயில் ஓடியது 1987 பிப்ரவரி 1 அன்று. ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே இறங்கியவர்களைவிட இப்போது வந்து போகிறவர்கள்தான் அதிகம்.

கோஃபுகு என்றால் நிஜமாகவே ‘மகிழ்ச்சி’யா?

ஆமாம். ஆனால் யாரும் உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர் இல்லை. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்கள் இந்தப் பக்கத்து ஆற்றை ‘சத் நய்’ என்றார்கள். வறண்ட ஆறு என்று பொருள். குடியேற வந்த ஜப்பானியர்கள் அந்த ஒலிக்குச் சித்திர எழுத்து தேடினார்கள். முதல் பாதிக்கு ‘நற்பேறு’ என்ற எழுத்து கிடைத்தது. ‘நய்’ என்பதற்கு நிலநடுக்கத்தைக் குறிக்கும் எழுத்தைப் போட்டார்கள், பழைய ஜப்பானிய மொழியில் நிலநடுக்கத்துக்கு அதை ஒத்த சொல் இருந்ததால். ஆக ஊரின் பெயர் எழுத்தில் ‘நற்பேறு நிலநடுக்கம்’ ஆகிவிட்டது. வெளியூர்க்காரர் எவராலும் அதைச் சரியாக வாசிக்க முடியவில்லை. ‘கோஷின்’ என்றே படித்தார்கள்.

இங்கே குடியேறியவர்களில் பலர் ஃபுகுயி மாகாணத்துக்காரர்கள். அந்தப் பெயரில் உள்ள ‘ஃபுகு’வுக்கு நல்வாழ்வு என்று அர்த்தம். பழைய பெயரின் முதல் எழுத்தையும் ஃபுகுயியின் முதல் எழுத்தையும் சேர்த்தால் கோஃபுகு. ரயில் நிலையம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1956இல். ஐனு பெயர் இன்னும் அழியவில்லை. பக்கத்தில் ஓடும் சத்சுனாய் ஆற்றிலும் நகாசத்சுனாய் கிராமத்திலும் அது இருக்கிறது.

ஆளில்லாத ஒரு கிராம நிலையம் நாடு முழுக்கத் தெரிந்தது எப்படி?

டிக்கெட்டால். இதே பாதையில், ஒபிஹிரோவுக்கும் கோஃபுகுவுக்கும் சரிபாதியில், 11வது கி.மீட்டரில் ஐகோகு என்ற நிலையம் இருந்தது. ஐகோகு என்றால் நாட்டுப்பற்று. எழுத்தை இரண்டாக உடைத்தால் ‘அன்பு’, ‘நாடு’. ஐகோகுவிலிருந்து கோஃபுகுவுக்கு ஒரு டிக்கெட் எடுத்தால், அதில் ‘அன்பின் நாட்டிலிருந்து மகிழ்ச்சிக்கு’ என்று அச்சாகியிருப்பதாக வாசிக்கலாம். 1973இல் ஜப்பானின் பொதுத்துறை ஒளிபரப்பான என்எச்கே தொலைக்காட்சியின் பயண நிகழ்ச்சி ஒன்று இந்த ஊரைக் காட்டியது. அதற்கு முந்தைய வருடம் விற்றவை 7 டிக்கெட், பிறகு ஒரே வருடத்தில் 30 லட்சம், நான்கு வருடத்தில் 1 கோடி என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு.

அது எந்த மாதிரி டிக்கெட்?

நம் ஊரில் கம்ப்யூட்டர் டிக்கெட் வருவதற்கு முன்பு கையில் வாங்கிய அதே கெட்டி அட்டை. எட்மண்ட்சன் என்ற ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய முறை. ஜப்பானில் இதற்கு இரண்டு முக்கிய அளவுகள் உண்டு. இரண்டுக்கும் நீளம் 57.5 மி.மீ. உயரம் ஒன்றுக்கு 30, மற்றதற்கு 25. தடிமன் சுமார் 0.7 மி.மீ. கவுன்டரில் இருக்கும் இரும்பு இயந்திரத்தின் பிளவில் அட்டையை ஒரு தரம் ஓட்டி எடுத்தால் ஓரத்தில் தேதி விழும்.

பழைய டிக்கெட் வாங்குகிறவர்கள் அந்தத் தேதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வருடம் ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கில் இருக்கும். ஷோவா 62 என்றால் 1987. ஒற்றை இலக்கம் வரும் இடத்தில் முன்னால் ஒரு கோடு போட்டு இடத்தை நிரப்புவார்கள். கடைசி நாள் டிக்கெட்டில் ‘62.-2.-1’ என்று இருக்க வேண்டும். நினைவுப் பொருளாக அச்சடித்தவை ஏராளமாகப் புழங்குகின்றன. ‘பழசு’ என்று யாராவது விலை சொன்னால் தேதி அச்சும் கட்டணமும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கோடி டிக்கெட் விற்றும் பாதையை ஏன் மூடினார்கள்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பதில் கணக்கில் இருக்கிறது.

1980இல் வந்த தேசிய ரயில்வே சீரமைப்புச் சட்டம் டிக்கெட்டை எண்ணவில்லை. ‘போக்குவரத்து அடர்த்தி’யைப் பார்த்தது. ஒரு வருடத்தில் எல்லாப் பயணிகளும் சென்ற கிலோமீட்டர்களைக் கூட்டி, பாதையின் நீளத்தாலும் 365ஆலும் வகுத்தால் வருவது அது. சராசரியாக ஒரு நாளில், பாதையின் எந்த ஓர் இடத்தையும் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று சொல்லும் எண். 4,000க்குக் கீழே இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, ரயிலை எடுத்துவிட்டு பஸ் விடலாம் என்பது பொது விதி. அப்படி 83 பாதைகள் கட்டம் கட்டமாகப் பட்டியலில் ஏறின.

கோஃபுகு இருந்த ஹிரோஓ பாதையின் நீளம் 84 கி.மீ. டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் ரயிலேறவே இல்லை. பர்ஸில் வைத்துக்கொண்டார்கள், காதலிக்கு அனுப்பினார்கள். போகட்டும், அந்த 30 லட்சம் பேரும் நிஜமாகவே ஐகோகுவிலிருந்து கோஃபுகு வரை 11 கி.மீ. பயணம் செய்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 30 லட்சம் பெருக்கல் 11, மொத்தம் 3.3 கோடி பயணி கிலோமீட்டர். அதை 84ஆல் வகுத்து 365ஆல் வகுத்தால் வருவது சுமார் 1,076. ஹிரோஓ பாதை இருந்த இரண்டாம் கட்டப் பட்டியலோ 2,000க்கும் கீழே இருந்த பாதைகளுக்கானது. இரண்டையும் கூட்டினாலும் 4,000 எட்டாது. உச்ச வருடத்தின் கதியே இது. 11 கி.மீட்டர் கூட்டம் 84 கி.மீ. பாதையைக் காப்பாற்றாது.

பாதையை விட்டுக்கொடுத்த ஊர்களுக்கு கி.மீ. ஒன்றுக்கு அதிகபட்சம் 3 கோடி யென் மாற்று மானியம் உண்டு. மாற்று பஸ்ஸுக்கான ஏற்பாடுகளுக்கு அந்தப் பணம் பயன்பட்டது.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

நிலையக் கட்டடம், பிளாட்பாரம், கொஞ்ச தூரத் தண்டவாளம், அதன் மேல் ஆரஞ்சு நிற டீசல் பெட்டிகள் இரண்டு, அடித்துப் பார்க்க ஒரு மணி, நினைவுப் பொருள் கடை, கார் நிறுத்துமிடம். ஒபிஹிரோ நகராட்சி பூங்காவாகப் பராமரிக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. திருமண உடையில் வந்து பிளாட்பாரத்தில் சிறு சடங்கு நடத்திப் படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அதற்கு முன்பதிவு தேவை.

கட்டடம் அசல்தானா?

பாதி ஆமாம். மரம் தளர்ந்துபோனதால் 2013இல் பிரித்துத் திரும்பக் கட்டினார்கள். பழைய மரத்தில் தேறியதை மறுபடி பொருத்தினார்கள். தோற்றம் அதேதான். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. பிரித்துக் கட்டாமல் விட்டிருந்தால் இன்று குறை சொல்லவும் கட்டடம் இருந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

மர நிலையம் அங்கே இவ்வளவு சீக்கிரம் தளர்வது ஏன்?

பனிப்பொழிவுதான் காரணம் என்று நினைப்போம். தொகாச்சியில் பெரிய எதிரி தரைக்குக் கீழே இருக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் அங்கே வானம் தெளிவாக இருக்கும், பனி குறைவாக விழும். பனி கனமாக விழுந்தால் அதுவே மண்ணுக்குக் கம்பளியாகிவிடும். கம்பளி இல்லாத மண் உறைந்துகொண்டே கீழே போகும். ஒபிஹிரோவில் கட்டடம் கட்டுகிறவர்கள் உறையும் ஆழத்தை 1 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு அஸ்திவாரத்தை அதற்குக் கீழே இறக்குவார்கள்.

எரிமலைச் சாம்பல் கலந்த மண் நீரைப் பிடித்து வைக்கும். மேலே மண் உறையும்போது கீழிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சி இழுக்கும். அந்த நீர் தகடு தகடாகப் பனிக்கட்டியாகித் தரையைத் தூக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு தூக்கினால் பிரச்சினை இல்லை. வெயில் படும் தெற்குப் பக்கம் ஓர் அளவு, நிழல் விழும் வடக்குப் பக்கம் ஓர் அளவு. ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் இலேசான மரக்கட்டடம் இதில் முறுக்கிக்கொள்ளும். முதல் அடையாளம் இழுக்கும் கதவு: ஜனவரியில் பாதியில் சிக்கும், மே மாதம் தானாகச் சரியாகும். சரியாகிவிட்டது என்று விட்டால் மூலைப் பொருத்துகள் வருடா வருடம் தளர்ந்து, கூரைத் தகரத்தின் மடிப்பு வாய் திறக்கும். அங்கே நுழையும் உருகிய நீர் கடைசியில் இறங்குவது தூண்கள் நிற்கும் அடிக்கட்டைக்கு. மக்குவது எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும்.

ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளத்துக்கும் இதே தொல்லை. குளிர்காலத்தில் தரை தூக்கிய இடத்தை வெட்ட முடியாது, கல் மாதிரி இருக்கும். அதனால் பள்ளமாகத் தெரியும் பக்கத்தில், ஸ்லீப்பருக்கும் தண்டவாளத்துக்கும் இடையே மரத் தகட்டுத் துண்டுகளைச் செருகி மட்டம் செய்வார்கள். வசந்தத்தில் தரை இறங்க இறங்க ஒவ்வொன்றாக உருவுவார்கள். ஆள் இருக்கும்வரை நடக்கிற வேலை அது.

அந்த ஆரஞ்சுப் பெட்டிகள் என்ன வகை?

கிஹா 22. ‘கி’ என்றால் எஞ்சின் பொருத்திய பெட்டி, ‘ஹா’ என்றால் சாதாரண வகுப்பு. ஹொக்கைடோவின் குளிருக்கென்றே வடிவமைத்து 1958 முதல் 1966 வரை கட்டியவை. ஜன்னல்கள் சிறியவை, இரட்டைக் கண்ணாடி கொண்டவை. கதவைத் திறந்தவுடன் இருக்கை வராது. நடுவில் ஒரு சிற்றறை, அதற்கும் ஒரு கதவு. ஒவ்வொரு நிலையத்திலும் வெளிக்காற்று உள்ளே பாயாமலிருக்க இந்த ஏற்பாடு. தரை மரம், ஷூவில் ஒட்டிவரும் பனியால் சறுக்காது, கால் சில்லிடாது.

திறந்தவெளியில் நிற்கும் பெட்டி துருப்பிடிப்பது பக்கச் சுவரின் நடுவில் இல்லை. ஜன்னலின் கீழ் விளிம்பு, கூரையோரத் தண்ணீர்க் கால்வாய், கதவின் அடிப்பாகம் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். பெயின்ட் அங்கே கொப்புளம் போட்டிருந்தால் தகடு ஏற்கெனவே உள்ளிருந்து அரித்துவிட்டது என்று அர்த்தம். மேலே புதுப் பெயின்ட் அடிப்பதால் பயனில்லை. தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு பற்றவைக்க வேண்டும். கூரை போட்ட ஒரு கொட்டகை எத்தனை முறை பெயின்ட் அடிப்பதையும் விட மேல். ஆனால் கொட்டகை போட்டால் படம் நன்றாக வராது என்பதால் பல ஊர்களில் போடமாட்டார்கள். ஜப்பானில் பாதுகாக்கிறோம் என்று வைத்த எத்தனையோ பெட்டிகள் கடைசியில் இரும்புக்கடைக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்புத் தாள்கள் என்ன?

பெரிதாக்கி அச்சடித்த டிக்கெட்டுகள். கடையில் வாங்கி, வேண்டுதலையோ பெயரையோ எழுதிச் சுவரில் குத்தலாம். கூரையின் உட்புறம்கூட மரம் தெரியாத அளவுக்கு அப்பியிருக்கிறது. பால்பாயின்ட் எழுத்து வெளிச்சுவரில் வெகுநாள் நிற்காது. சீக்கிரம் வெளுக்காத நிறமி மை நிரப்பிய பேனா எடுத்துப் போங்கள். உட்சுவரில் வெயில் படாத பக்கம் நல்லது. பிறர் தாளின் மேல் குத்தாதீர்கள், பழைய ஊசியைப் பிடுங்கவும் வேண்டாம். துருவேறி மரத்தோடு பிடித்திருக்கும், இழுத்தால் மரச் சிலாம்போடு வரும்.

ஐகோகுவில் இறங்க வேண்டுமா?

நேரம் இருந்தால். நிலையக் கட்டடம் சிறு ரயில் காட்சியகமாக இருக்கிறது. வெளியே 9600 வகை நீராவி எஞ்சின், எண் 19671. கோஃபுகுவின் கூட்டம் இங்கே கிடையாது.

பஸ்ஸில் எப்படிப் போவது?

ரயிலுக்குப் பதிலாக வந்த பஸ்தான் இன்றும் ஓடுகிறது. ஒபிஹிரோ ஸ்டேஷன் முன்னாலிருக்கும் பஸ் நிலையத்தில் தொகாச்சி பஸ்ஸின் ஹிரோஓ வழித்தடத்தில் ஏறி, ‘கோஃபுகு’ நிறுத்தத்தில் இறங்குங்கள். சுமார் 50 நிமிடம். அங்கிருந்து சிறிது நடை.

ஏறும் வாசலில் ஒரு பெட்டியிலிருந்து எண் போட்ட சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும்; அதை எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் தலைக்கு மேல் உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் சரியான சில்லறையையும் கட்டணப் பெட்டியில் போட வேண்டும். 1,000 யென் நோட்டை முன்கூட்டியே, பஸ் நின்றிருக்கும்போது, அங்குள்ள இயந்திரத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. இறங்கியதும் முதல் வேலையாகத் திரும்பும் பஸ்ஸின் நேரத்தைப் படம் எடுங்கள். அடுத்தடுத்து பஸ் வருகிற வழித்தடம் இல்லை இது. குளிர்காலத்தில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். கடை மூடியிருக்கவும் கூடும். விமானத்தில் வருகிறவர்களுக்கு இன்னும் வசதி: தொகாச்சி ஒபிஹிரோ விமான நிலையத்திலிருந்து காரில் பத்து நிமிடம் போல.

தண்டவாளம் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, கொஞ்ச தூரம் ஓட்டலாமே?

கோஃபுகுவில் ஓடுவதற்குத் தூரம் இல்லை. பாதையைப் பிரிக்காமல் வைத்திருந்த வேறு ஊர்கள் செய்கின்றன. அதே ஹொக்கைடோவில் ரிகுபெட்சு என்ற ஊர். அங்கே 2006இல் 140 கி.மீ. பாதை மூடியது. நிலையத்தைச் சாலையோர ஓய்விடமாக்கி, பழைய டீசல் பெட்டியைச் சுற்றுலாப் பயணிகளே ஓட்டிப் பார்க்க விடுகிறார்கள்.

கிஃபு மாகாணத்தின் கமியோகாவில், அதே 2006இல் மூடிய பாதையில் சைக்கிள் ஓடுகிறது. இரண்டு மலைச் சைக்கிள்களை இரும்புச் சட்டத்தில் பக்கத்தில் பக்கமாகப் பூட்டியிருப்பார்கள். தண்டவாளத்தைப் பிடித்து வழி காட்டுவது சட்டத்தின் சிறு சக்கரங்கள். உந்துவது சைக்கிளின் பின் டயர், தண்டவாளத்தின் தலைமேல் அழுந்திச் சுற்றும். கைப்பிடியைத் திருப்பத் தேவையில்லை. 2.9 கி.மீ. தூரம். ரப்பர் டயர் ஈரத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் மழையில் முன் வண்டியோடு இடைவெளி அதிகம் விட வேண்டும்.

சட்டப்படி முக்கியமான ஒன்று: பாதை ஒழிந்த பிறகு அங்கே ஓடுவது ரயில் இல்லை, விளையாட்டுச் சாதனம். லெவல் கிராசிங்தான் சிக்கல். ஜப்பானில் சிக்னல் விளக்கு இல்லாத ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் வாகனம் நின்று பார்த்துத்தான் கடக்க வேண்டும். பாதை மூடியதும் அந்தக் கடமை போய்விடும். குறுக்குப் பலகையைக் கழற்றித் தண்டவாளத்தின் மேல் தார் போட்டுவிடுவார்கள். ஆகவே இத்தகைய ஓட்டமெல்லாம் இரண்டு கிராசிங்குகளுக்கு நடுவே அடங்கிவிடும். எந்தத் துண்டை வைத்துக்கொள்வது என்று மூடும் வருடமே முடிவு செய்யாவிட்டால் பிறகு எதுவும் கிடைக்காது.

கூட்டம் வராத நிலையங்கள் என்ன ஆகின்றன?

பெரும்பாலானவை இடிபடுகின்றன. ஊர்க்காரர்கள் ஒரு வேலை கொடுத்தவை நிற்கின்றன. ஷிமானே மாகாணத்து உஸுயி நிலையம் நல்ல உதாரணம். 1975இல் திறந்தது, தரையிலிருந்து சுமார் 20 மீட்டர் உயரம், 116 படிகள், லிஃப்ட் கிடையாது. இரண்டு மலைச் சுரங்கங்களுக்கு நடுவே பாதை ஒரு பள்ளத்தாக்கைப் பாலத்தில் தாண்டுகிறது. ஊர் பள்ளத்தில், நிலையம் பாலத்தில். வயதானவர்கள் ஏறமுடியாத நிலையம். 108.1 கி.மீ. நீளமுள்ள சான்கோ பாதையோடு 2018இல் மூடியது. இப்போது உள்ளூர் அமைப்பு குறிப்பிட்ட நாட்களில் அங்கே சிறு தள்ளுவண்டி ரயில் விடுகிறது. பயணிகளை விரட்டிய அதே உயரம் இப்போது ஆட்களை இழுக்கிறது.

ஒரே மாணவிக்காக ஒரு நிலையத்தை நடத்தினார்களாமே, அது கோஃபுகுவா?

இல்லை. 2016 ஜனவரியில் உலகமெங்கும் சுற்றிய கதை அது. அதில் கமி ஷிராதாகி என்று நிலையத்தின் பெயரே தவறு. மாணவி ஏறியது கியூ ஷிராதாகியில். மூடிய நாள் 2016 மார்ச் 26. ஜப்பானில் கால அட்டவணை மாறுவதும் மார்ச், பள்ளி ஆண்டு முடிவதும் மார்ச். இரண்டும் ஒன்றாக வந்ததைக் கதை ஒரு காரணமாக மாற்றிக்கொண்டது. அந்த ரயிலில் அவரோடு வேறு நிலையத்து மாணவர்களும் போனார்கள்.

கடையில் வாங்கும் ஐகோகு–கோஃபுகு டிக்கெட்டைக் காட்டிப் பஸ்ஸில் போகலாமா?

போக முடியாது. டிரைவர் கேட்பது ஏறும்போது எடுத்த எண் சீட்டை.